ஃபிலிம் கேமராவிலிருந்து டிஜிட்டலுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் பல வருடம் ஃபிலிமில் படம் எடுத்துப் பழகி, இப்போது டிஜிட்டலுக்கு வருகிறவர்களுக்கானது. அபர்ச்சர், ஷட்டர் வேகம் பற்றியெல்லாம் இங்கே பாடம் இல்லை. அது உங்கள் கைக்கே தெரியும். எது அப்படியே தொடரும், எது நேர்மாறாக மாறும், எந்த வேலை புதிதாக உங்கள் பொறுப்பில் வரும் என்பதை மட்டும் பார்ப்போம்.

இத்தனை வருடம் ஃபிலிமில் கற்றது வீணாகிவிடுமா?

இல்லை. ஐஎஸ்ஓ 100, எஃப்8, 1/125 நொடி என்றால் டிஜிட்டலிலும் அதே ஒளிதான் உள்ளே போகிறது. கையில் வைத்திருக்கும் லைட் மீட்டர் இன்றும் சரியாகவே வேலை செய்யும். சட்டகம் அமைப்பது, வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்று பார்ப்பது, சரியான கணத்துக்குக் காத்திருப்பது எதுவும் மாறவில்லை.

நிஜமாகவே மாறுவது இரண்டுதான். ஒன்று, எக்ஸ்போஷரில் எந்தப் பக்கம் தவறினால் தப்பிக்கலாம் என்பது. இன்னொன்று, ஷட்டரை அழுத்திய பிறகு நடக்கும் வேலை. முன்பு ஃபிலிம் கம்பெனியும் லேபும் செய்துகொடுத்த பல முடிவுகளை இனி நீங்களே எடுக்க வேண்டும். மாறியவர்கள் சலிப்படைந்து விடுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது விஷயத்தில்தான். கேமராவின் மெனுவைப் பார்த்து அல்ல.

இவ்வளவு தாமதமாக மாறுவதில் நஷ்டம் உண்டா?

லாபம்தான். 1975-இல் கோடாக் பொறியாளர் ஸ்டீவன் சாசன் செய்த முதல் டிஜிட்டல் கேமராவின் அளவு 0.01 மெகாபிக்சல், ஒரு படத்தைக் கேசட் டேப்பில் பதிக்க 23 நொடி பிடித்தது. 1999-இல் வந்த நிக்கான் டி1 தொழில்முறைக் கேமரா, ஆனாலும் 2.7 மெகாபிக்சல்தான். அந்தக் காலத்தில் மாறியவர்கள் தரத்தை விட்டுக்கொடுத்துத்தான் மாறினார்கள். உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. 2013, 2014 வாக்கில் வந்த சோனி ஏ7, நிக்கான் டி750 போன்ற கேமராக்கள் இன்றும் 35 மி.மீ. நெகட்டிவுக்கு மேலான விவரம் தரும். அதனால் செகண்ட் ஹேண்டில் வாங்குவதை நான் தயங்காமல் சொல்வேன். ஷட்டர் எத்தனை முறை ஓடியிருக்கிறது, ஃபிலிமுக்குப் பதிலாக ஒளியைப் பதியும் சென்சாரில் கீறல் உண்டா, பேட்டரி இன்னும் கிடைக்கிறதா என்ற மூன்றையும் பார்த்து வாங்குங்கள்.

என் பழைய லென்ஸ்களைப் பயன்படுத்த முடியுமா?

பெரும்பாலும் முடியும். ஏன் முடிகிறது என்று புரிந்துகொண்டால் எதை வாங்கலாம் என்பதும் தெளிவாகிவிடும்.

ஒவ்வொரு கேமராவிலும் லென்ஸ் பூட்டும் வளையத்துக்கும் ஃபிலிமுக்கும் இடையே ஒரு நிலையான தூரம் உண்டு. நிக்கான் எஃப் மவுண்ட்டில் அது 46.5 மி.மீ., பென்டாக்ஸ் கே-யில் 45.46, கேனான் இஎஃப்-இல் 44, பழைய கேனான் எஃப்டி-யில் 42. உள்ளே கண்ணாடி ஏறி இறங்க இடம் வேண்டும் என்பதால்தான் எஸ்எல்ஆர்களில் இவ்வளவு தூரம். மிரர்லெஸ்ஸில் அந்தக் கண்ணாடி கிடையாது. சோனி இ மவுண்ட்டில் 18 மி.மீ., நிக்கான் இசட்டில் 16, கேனான் ஆர்எஃப்-இல் 20. மிச்சமிருக்கும் இடைவெளியை வெறும் உலோகக் குழாய் ஒன்றால் நிரப்பினால் போதும், பழைய லென்ஸ் தொலைதூரம் வரை சரியாக ஃபோகஸ் ஆகும். அடாப்டர் என்பது அந்தக் குழாய்தான். உள்ளே கூடுதலாக லென்ஸ் கண்ணாடி வைத்த அடாப்டரை மட்டும் தவிர்த்துவிடுங்கள். நல்ல லென்ஸின் தரத்தை அது குறைத்துவிடும்.

இதனால் அதிகம் பலன் பெற்றவர்கள் கேனான் எஃப்டி, மினோல்டா எம்டி லென்ஸ் வைத்திருப்பவர்கள். கேனான் 1987-இல் இஎஃப் மவுண்ட்டுக்கு மாறியபோது எஃப்டி லென்ஸ்கள் அனாதையாகிவிட்டன. உள்ளே கண்ணாடி உள்ள டிஜிட்டல் எஸ்எல்ஆர்களான டிஎஸ்எல்ஆர்களில் அவற்றைப் பூட்டினால் தூரத்துக் காட்சி ஃபோகஸ் ஆகாது. மிரர்லெஸ் வந்த பிறகுதான் அவை மறுபடி உயிர்பெற்றன. அந்த லென்ஸ்களில் பல இன்னும் மிக நல்ல கண்ணாடிகள் என்பதால் எனக்கு இதில் தனி மகிழ்ச்சி.

மற்றவர்களுக்கு: 1987-க்குப் பிந்தைய கேனான் இஎஃப் லென்ஸ் இருந்தால் கேனானின் டிஎஸ்எல்ஆரில் நேரடியாகவும், ஆர்எஃப் கேமராவில் அடாப்டருடனும் ஆட்டோஃபோகஸ் உட்பட வேலை செய்யும். பென்டாக்ஸ் டிஎஸ்எல்ஆர்கள் 1975 முதல் வந்த கே மவுண்ட் லென்ஸ்களை ஏற்கும். திருகும் எம்42 லென்ஸுக்கும் அடாப்டர் உண்டு. மினோல்டாவின் 1985 ஆட்டோஃபோகஸ் மவுண்ட் பிற்பாடு சோனியின் ஏ மவுண்ட் ஆனது.

நிக்கானில் கொஞ்சம் கவனம் வேண்டும். 1959-இல் வந்த எஃப் மவுண்ட் பெயருக்கு ஒன்றுதான் என்றாலும், 1977-இல் அபர்ச்சர் அளவைக் கேமராவுக்குத் தானாகச் சொல்லும் ஏஐ முறை வருவதற்கு முந்தைய லென்ஸை மாற்றியமைக்காமல் பல டிஎஸ்எல்ஆர்களில் திருகினால் மவுண்ட் ஓரத்தில் இருக்கும் சிறு நெம்பு உடைந்துவிடும். கேமராவுக்குள் மோட்டார் தேவைப்படும் ஏஎஃப்-டி லென்ஸ்கள் ஆரம்பநிலை டிஎஸ்எல்ஆர்களிலும், எஃப்டிஇசட் அடாப்டர் போட்ட இசட் கேமராக்களிலும் ஆட்டோஃபோகஸ் ஆகாது; கையால்தான் திருப்ப வேண்டும்.

வெறும் அடாப்டரில் லென்ஸுக்கும் கேமராவுக்கும் பேச்சு கிடையாது. மெனுவில் 'லென்ஸ் இல்லாமல் ஷட்டர்' என்ற வகை அமைப்பை இயக்க வேண்டும். அபர்ச்சரை லென்ஸ் வளையத்தில் திருப்பிவிட்டு, கேமராவை அபர்ச்சர் முன்னுரிமையில் வைத்தால் ஷட்டர் வேகத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். கேமராவின் உடலிலேயே நடுக்கம் தடுக்கும் வசதி இருந்தால் லென்ஸின் குவியத் தூரத்தை மெனுவில் சொல்ல மறக்காதீர்கள். ஃபோகஸுக்கு ஓரங்களை வண்ணத்தில் காட்டும் பீக்கிங் வேகமானது, ஆனால் எஃப்1.4, எஃப்1.8 போன்ற அகலத் திறப்பில் அதை நம்ப முடியாது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தே ஃபோகஸ் செய்யுங்கள்.

50 மி.மீ. லென்ஸ் போட்டேன், காட்சி நெருங்கித் தெரிகிறதே?

உங்கள் கேமராவின் சென்சார் 35 மி.மீ. ஃபிலிமின் சட்டகத்தைவிடச் சிறியது. அந்தச் சட்டகம் 24×36 மி.மீ. அதே அளவு சென்சார் இருந்தால் அது ஃபுல் ஃபிரேம். அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி வகை சென்சார் லென்ஸ் தரும் படத்தின் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறது, அதனால் 50 மி.மீ. லென்ஸ் ஃபிலிமில் 75 மி.மீ. காட்டிய அளவுக்குத்தான் காட்டும். கேனானின் ஏபிஎஸ்-சி-யில் 80, இன்னும் சிறிய மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 100. முகப்படம் எடுப்பவருக்கு இது பரவாயில்லை. ஆனால் 28 மி.மீ.யிலேயே உலகத்தைப் பார்த்துப் பழகியவருக்கு அது 42 ஆகிவிடும். பழகிய பார்வையே போய்விடும். அகலமான லென்ஸ்கள்தான் உங்கள் பலம் என்றால் ஃபுல் ஃபிரேமுக்குப் போங்கள். வேறெந்தச் சிறப்பம்சத்தையும்விட இது முக்கியம்.

டிஎஸ்எல்ஆரா, மிரர்லெஸ்ஸா?

பழைய லென்ஸைக் கையால் ஃபோகஸ் செய்யப் போகிறீர்கள் என்றால் மிரர்லெஸ். ஃபிலிம் எஸ்எல்ஆரில் இருந்த பெரிய, வெளிச்சமான வியூஃபைண்டரும் நடுவே பிளந்து காட்டும் ஃபோகஸ் திரையும் சாதாரண டிஎஸ்எல்ஆர்களில் கிடையாது. மிரர்லெஸ்ஸில் நீங்கள் பார்ப்பது ஒரு சிறு திரையைத்தான். முதல் வாரம் கண் ஒப்புக்கொள்ளாது, அப்புறம் பழகிவிடும். எக்ஸ்போஷர் எப்படி வரும் என்று எடுக்கும் முன்பே தெரிவது பெரிய வசதி. பேட்டரி மட்டும் சீக்கிரம் தீரும். பேட்டரியே இல்லாமல் ஓடிய இயந்திரக் கேமராவிலிருந்து வருகிறவர் கூடுதலாக ஒன்றாவது பையில் வைத்திருக்க வேண்டும்.

எத்தனை மெகாபிக்சல் வேண்டும்?

பிரிண்ட் அளவை அங்குலத்தில் எடுத்து, ஒவ்வொரு பக்கத்தையும் 300-ஆல் பெருக்குங்கள். 4×6 பிரிண்டுக்கு 1200×1800, அதாவது சுமார் 2 மெகாபிக்சல். 12×18-க்கு சுமார் 19. இன்று விற்கும் பெரும்பாலான கேமராக்கள் இதைத் தாண்டிவிடும். மேலே யோசிக்க வேண்டாம்.

வானமும் வெள்ளைத் துணியும் வெளுத்துப் போகின்றன. ஃபிலிமில் இப்படி ஆனதே இல்லையே?

இதுதான் இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி.

நெகட்டிவ் ஃபிலிமில் 'நிழலுக்கு எக்ஸ்போஸ் செய்' என்று கற்றிருப்பீர்கள். ஒரு ஸ்டாப், ஏன் இரண்டு ஸ்டாப் கூடினாலும் நெகட்டிவ் தாங்கும். பிரிண்ட் போடும்போது சரிசெய்துகொள்ளலாம். ஒளி கூடக் கூட ஃபிலிமின் அடர்த்தி மெல்ல மெல்லத்தான் உச்சத்தைத் தொடும். அதனால் வெளிச்சமான பகுதியிலும் ஏதோ ஒரு விவரம் மிஞ்சும். குறைந்தால்தான் ஆபத்து, நிழலில் ஒன்றும் பதியாது.

சென்சார் அப்படி இல்லை. ஒவ்வொரு பிக்சலும் ஒரு குடம் மாதிரி. நிறைந்த பிறகு விழும் தண்ணீர் வழிந்து போவதுதான், எவ்வளவு விழுந்தது என்று பிறகு சொல்ல முடியாது. நிறைந்த பிக்சல் வெறும் வெள்ளை. எந்த மென்பொருளாலும் அதற்குள் மேகத்தைக் கொண்டுவர முடியாது. நிழல் பக்கத்தில் நிலைமை வேறு: சென்சார் பதிந்ததைத் திருத்தாமல் வைத்திருக்கும் ரா ஃபைலில் இரண்டு மூன்று ஸ்டாப் இருண்ட பகுதியைக்கூடத் தூக்கிவிடலாம், கொஞ்சம் நாய்ஸ் (கிரெயின் போன்ற புள்ளிகள்) வரும், அவ்வளவுதான். ஸ்லைடு ஃபிலிமில் எடுத்தவர்களுக்கு இது உடனே பிடிபடும், அவர்கள் எப்போதும் வெளிச்சத்தைத்தான் காப்பாற்றிப் பழகியவர்கள். நெகட்டிவிலேயே இருந்தவர்கள் பழக்கத்தைத் திருப்பிப் போட வேண்டும்.

நடைமுறையில் செய்ய வேண்டியது: மெனுவில் வெளுத்த பகுதி மின்னிக் காட்டும் எச்சரிக்கையை இயக்கிவையுங்கள். இருட்டிலிருந்து வெளிச்சம் வரை ஒளியின் பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராம் வலது ஓரத்தில் மோதி நிற்கிறதா என்று பாருங்கள். மோதினால் எக்ஸ்போஷரை மூன்றில் ஒரு ஸ்டாப்போ, ஒரு ஸ்டாப்போ குறைத்து மறுபடி எடுங்கள். ராவில் எடுத்தாலும் கேமரா காட்டும் ஹிஸ்டோகிராம் கேமராவே திருத்திச் சுருக்கிய ஜேபெக் முன்காட்சியிலிருந்து வருவது. ஆகவே உண்மையில் இன்னும் சிறிது இடம் மிச்சமிருக்கும். சூரியன், விளக்கு, உலோகத்தில் தெறிக்கும் ஒளி போன்றவை வெளுத்தால் கவலைப்படாதீர்கள். முகம், மேகம், வெள்ளை உடை வெளுக்கக் கூடாது.

இதைக் கேட்டுவிட்டு எல்லாப் படத்தையும் இருட்டாக எடுக்கத் தொடங்குகிறவர்களும் உண்டு. அதுவும் வேண்டாம். நிழலில் நாய்ஸ் கூடுவது ஒளி குறைந்ததால்தான். வெளிச்சமான பகுதி வெளுக்காத வரை எவ்வளவு ஒளி தர முடியுமோ அவ்வளவும் கொடுங்கள்.

ஐஎஸ்ஓவை எப்படி வைப்பது?

ஒரு ரோல் முடியும் வரை ஒரே ஐஎஸ்ஓ என்ற கட்டாயம் போய்விட்டது. ஒவ்வொரு படத்துக்கும் மாற்றலாம். ஃபிலிமில் 1600 என்றாலே தயங்கியிருப்பீர்கள். இன்றைய சென்சாரில் 3200 சாதாரணம். கை நடுங்கி மங்கிய படத்தைவிட நாய்ஸ் உள்ள கூர்மையான படம் எப்போதும் மேல். குறைந்தபட்ச ஷட்டர் வேகத்தைச் சொல்லிவிட்டு ஆட்டோ ஐஎஸ்ஓவிடம் விட்டுவிடுவது நல்ல வழி.

இரவில் நெடுநேரம் ஷட்டரைத் திறந்துவைத்து எடுப்பவர்களுக்கு ஒரு நற்செய்தி: ஃபிலிமில் நீண்ட எக்ஸ்போஷரில் உணர்திறன் குறைந்து, அட்டவணை பார்த்து நேரத்தைக் கூட்டுவோமே, அந்தக் கணக்கு சென்சாருக்குக் கிடையாது. படம் எடுத்த பிறகு கேமரா அதே அளவு நேரம் காத்திருக்க வைத்தால் பயப்படாதீர்கள். நாய்ஸைக் கழிக்க இன்னொரு இருட்டுப் படம் எடுக்கிறது, மெனுவில் நிறுத்திவிடலாம்.

ராவா, ஜேபெக்கா?

தொடக்கத்தில் இரண்டையும் சேர்த்தே பதியுங்கள். ரா என்பது கழுவிய நெகட்டிவ் மாதிரி வேலையை உங்களிடம் விடும் ஃபைல். ஒவ்வொரு வண்ணத்துக்கும் 12 பிட்டில் 4,096 படிகள், 14 பிட்டில் 16,384 படிகள். ஜேபெக்கில் 256 படிகள்தான், கேமராவே முடிவெடுத்து மிச்சத்தை எறிந்துவிடுகிறது. கணினி முன்னால் உட்கார விருப்பமே இல்லாதவர்கள் ஜேபெக்கில் நல்ல படம் எடுக்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் டார்க்ரூமில் நின்று பிரிண்ட் போட்டவர் ராவை விட்டுவிடுவது தன் கைத்திறனையே விட்டுவிடுவது.

படங்கள் சுத்தமாக இருக்கின்றன, ஆனால் உயிரே இல்லையே?

நீங்கள் விரும்பிய வண்ணத்தைத் தந்தது கேமரா அல்ல. ஃபிலிமின் ரசாயனமும் லேபில் பிரிண்ட் போட்டவரின் கண்ணும் சேர்ந்து தந்தது அது. ரா ஃபைல் யாருடைய முடிவும் இல்லாமல் தட்டையாகத்தான் வரும். கான்ட்ராஸ்டைக் கொஞ்சம் கூட்டுங்கள், வெளிச்சமான முனையை மெதுவாக வளையவிடுங்கள், கூர்மையைக் குறையுங்கள். பெரும்பாலான படம் செயற்கையாகத் தெரிவதற்குக் காரணம் மிதமிஞ்சிய கூர்மைதான். ஃபியூஜிஃபிலிம் கேமராக்களில் அந்த நிறுவனத்தின் ஃபிலிம்களை ஒட்டிய வண்ண அமைப்புகள் உள்ளேயே உண்டு. சரிசெய்ய நேரமில்லாதவர்களுக்கு அது நல்ல தீர்வு.

கறுப்பு வெள்ளையில் எடுப்பவர்களுக்கு: ராவில் பதிந்துகொண்டே திரையை மட்டும் கறுப்பு வெள்ளையில் காட்டச் சொல்லலாம். சிவப்பு, மஞ்சள் ஃபில்டர்களை லென்ஸில் போடாதீர்கள். கோடாக்கின் பிரைஸ் பேயர் வடிவமைத்து 1976-இல் காப்புரிமை பெற்ற அமைப்பில்தான் இன்றும் பெரும்பாலான சென்சார்கள் இருக்கின்றன: பாதி பிக்சல் பச்சை, கால் சிவப்பு, கால் நீலம். சிவப்பு ஃபில்டர் போட்டால் கால்பங்கு பிக்சல்தான் உருப்படியாக வேலை செய்யும். வண்ணத்தில் எடுத்துவிட்டுக் கணினியில் நீலத்தை இருட்டாக்கினால் அதே கறுத்த வானம் கிடைக்கும்.

மற்ற ஃபில்டர்கள்?

போலரைசரையும் ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டரையும் வைத்துக்கொள்ளுங்கள். அவை செய்வதைக் கணினியால் செய்ய முடியாது. டிஎஸ்எல்ஆருக்குச் சர்குலர் வகைப் போலரைசர்தான் வேண்டும், பழைய லீனியர் வகை ஆட்டோஃபோகஸையும் மீட்டரையும் குழப்பும். 80ஏ, 85பி போன்ற வண்ணத் திருத்த ஃபில்டர்களின் வேலையை ஒயிட் பேலன்ஸ் செய்துவிடுகிறது.

பழைய ஃபிளாஷ்?

சோதிக்காமல் பூட்டாதீர்கள். சில பழைய ஃபிளாஷ்களின் அடிக்கால் புள்ளியில் 200 வோல்ட்டுக்கும் மேல் இருக்கும். இயந்திரக் கேமரா அதைத் தாங்கியது. டிஜிட்டல் கேமராவின் மின்சுற்று கருகலாம். ஃபிளாஷை முழுதாகச் சார்ஜ் செய்துவிட்டு நடுப்புள்ளிக்கும் ஓர உலோகத்துக்கும் இடையே மல்டிமீட்டரில் அளந்து, கேமராவின் கையேட்டில் சொல்லியிருக்கும் உச்ச அளவோடு ஒப்பிடுங்கள். ஃபிலிம் காலத்து டிடிஎல் (லென்ஸ் வழியே வரும் ஒளியை அளக்கும் முறை) வேலை செய்யாது, ஏனென்றால் அது ஃபிலிமின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியை அளந்தது. ஃபிளாஷிலேயே ஒளியை அளக்கும் கண் வைத்த ஆட்டோ முறை நன்றாக வேலை செய்யும்.

எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் ஒரு புள்ளி தெரிகிறதே?

சென்சாரில் தூசி. ஃபிலிமில் ஒவ்வொரு படத்துக்கும் புது மேற்பரப்பு வந்தது, இங்கே ஒரே மேற்பரப்புதான். எஃப்16-இல் வெறும் வானத்தை எடுத்துப் பார்த்தால் எங்கே என்று தெரியும். கையால் அழுத்தும் ரப்பர் ஊதியால், கேமராவைக் கீழ்நோக்கிப் பிடித்து ஊதுங்கள். வாயால் ஊத வேண்டாம், எச்சில் படும். டப்பாவில் அடைத்த காற்றும் வேண்டாம்.

என் பழைய கேமராவுக்குள்ளேயே ஒரு டிஜிட்டல் ரோல் போட முடியாதா?

பலருடைய ஆசை இது, எனக்கும் புரிகிறது. சிலிக்கான் ஃபிலிம் என்ற நிறுவனம் 1998-இல் அப்படி ஒன்றை அறிவித்தது. விற்பனைக்கு வராமலேயே 2001-இல் நின்றுபோனது. மீடியம் ஃபார்மேட்டில் இது உண்மையாகவே நடந்தது. ஹாசல்பிளாட் வி வகை உடல்களில் ஃபிலிம் பேக்கைக் கழற்றிவிட்டு டிஜிட்டல் பேக்கை மாட்டலாம்.

36 படத்தில் முடிந்தது இப்போது ஆயிரத்தைத் தாண்டுகிறது. என்ன செய்வது?

நிறைய எடுப்பது குற்றமில்லை. ஷட்டர் வேகம், அபர்ச்சர், குவியத் தூரம் எல்லாம் ஃபைலிலேயே பதிவாவதால், எந்த அமைப்பில் என்ன வந்தது என்று நோட்டுப் புத்தகம் இல்லாமலே ஒப்பிட்டுக் கற்கலாம். சிக்கல் தேர்வு செய்யாமல் விடுவதில்தான். கான்டாக்ட் ஷீட்டில் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்ட பழக்கத்தைக் கைவிடாதீர்கள். சிறு படங்களாகவே பார்த்து, நின்று பார்க்க வைப்பதை மட்டும் குறியுங்கள். இரண்டு நாள் கழித்துக் குறித்ததிலிருந்து மறுபடி குறையுங்கள். ஒவ்வொரு படம் எடுத்ததும் திரையில் தானாகத் தோன்றும் முன்காட்சியை நிறுத்திவிடுவதும் உதவும். எதிரே இருக்கும் மனிதரை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டீர்கள்.

படங்களை எப்படிப் பாதுகாப்பது?

நெகட்டிவை உறையில் போட்டு, ஈரம் படாத அலமாரியில் வைத்தால் நாற்பது வருடம் கழித்தும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கலாம். ஃபைலுக்கு அந்தக் குணம் இல்லை. ஹார்டு டிஸ்க் ஒருநாள் கட்டாயம் பழுதாகும். அன்று மங்கலான படம்கூட மிஞ்சாது, மொத்தமும் போய்விடும். மூன்று பிரதிகள், இரண்டு வெவ்வேறு சாதனங்களில், அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே என்பதுதான் நடைமுறை விதி. கணினியில் ஒன்று, வெளி டிஸ்க்கில் ஒன்று, உறவினர் வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ ஒன்று. மெமரி கார்டு சேமிப்பிடம் அல்ல. இரண்டு பிரதி எடுத்ததைச் சரிபார்த்த பிறகு கேமராவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள்.

வருடம், மாதம், நிகழ்ச்சி என்று ஃபோல்டருக்குப் பெயர் வையுங்கள். யார் யார் படத்தில் இருக்கிறார்கள் என்று எழுதிவையுங்கள். ஒவ்வொரு வருடமும் தேர்ந்தெடுத்த கொஞ்சம் படங்களைப் பிரிண்ட் போடுங்கள். இதை நான் ஆலோசனையாக அல்ல, வேண்டுகோளாகவே சொல்கிறேன். பாஸ்வேர்டு தெரியாத கணினியில் ஒரு குடும்பத்தின் இருபது வருடம் அடைபட்டுப் போவது சாதாரணமாக நடக்கிறது.

பழைய நெகட்டிவ்களை என்ன செய்வது?

ஸ்கேன் செய்யலாம், ஆனால் நெகட்டிவைத் தூக்கி எறியாதீர்கள். 35 மி.மீ. சட்டகத்தை 4000 டிபிஐ-யில் ஸ்கேன் செய்தால் சுமார் 21 மெகாபிக்சல் கிடைக்கும். அதற்கு மேல் போனால் பெரும்பாலும் கிரெயின்தான் பெரிதாகும். புதிய டிஜிட்டல் கேமராவும் 1:1 மேக்ரோ லென்ஸும் இருந்தால் அதுவே வேகமான ஸ்கேனர். சீரான வெளிச்சம் தரும் பலகை மேல் நெகட்டிவைத் தட்டையாக வைத்து, ஓரத்து வெளிச்சத்தைக் கறுப்பு அட்டையால் மறைத்து, சென்சாரும் நெகட்டிவும் இணையாக இருக்கும்படி பார்த்து, ராவில் எடுங்கள். ஸ்கேனர்களில் இருக்கும் அகச்சிவப்புத் தூசி நீக்கியை வெள்ளி சார்ந்த கறுப்பு வெள்ளை நெகட்டிவுக்குப் பயன்படுத்தக் கூடாது. படத்தையே தூசி என்று எண்ணிவிடும்.

ஃபிலிம் கேமராவை விற்றுவிடலாமா? உள்ளே பாதி ரோல் வேறு இருக்கிறது.

முதல் ஒரு வருடம் விற்காதீர்கள். பேட்டரியைக் கழற்றி, ஷட்டரை ஏற்றாத நிலையில் வைத்து, இடையிடையே எல்லா வேகத்திலும் ஓட்டிவிடுங்கள். அந்தப் பாதி ரோலை முதலில் முடித்துக் கழுவக் கொடுங்கள். எடுத்த படம் கழுவப்படாமல் கிடக்கக் கிடக்க மங்கும். விமானத்தில் கொண்டுபோக வேண்டியிருந்தால் பெட்டியில் வைக்காமல் கையில் எடுத்துச் சென்று, கண்ணால் பார்த்துச் சோதிக்கக் கேளுங்கள். விமான நிலையங்களில் உள்ள புதிய சிடி (CT) வகை எக்ஸ்ரே ஸ்கேனர்கள் ஃபிலிமைப் புகைமூட்டமாக்கிவிடும். மெமரி கார்டுக்கு அதனால் எந்தப் பாதிப்பும் இல்லை.